சொரிமுத்துவின் கையெழுத்து

ஆரியசாலையில் காலை பத்தரைக்கு மிளகாய் மூட்டை இறங்கும். பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் அந்தத் தெருவைப் பார்த்துத்தான் இருக்கின்றன. புதிதாக வரும் ஆசிரியர்கள் முதல் மாதம் முழுக்கத் தும்முவார்கள். பிள்ளைகள் தும்முவதில்லை. விஜயம் டீச்சர் தும்மி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆர்ஷாவின் போன் வந்தது. ஆர்ஷா வட்டார வள மையத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அம்மா வழியில் எல்லையோரப் பாறசாலைக்காரர்கள் என்பதால் தமிழ் பாதி வரும், மீதியை மலையாளத்தில் நிரப்பிக்கொள்வாள்.

"விஜயம் டீச்சரே, ஒரு சந்தோஷ வார்த்தை கேட்டோ. பழைய ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கேன். சமூக வளம்னு ஒரு தலைப்பு இருக்கில்லே, வெளியாளைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தறது. நம்ம வட்டாரத்துல வருஷம் தவறாம செஞ்சது டீச்சர் மட்டும்தான். ஆறு வருஷம், ஆறு பேர்!"

விஜயம் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். தமிழ் வழி டிவிஷனின் நான்கு வகுப்புகளும் ஒரே ஹாலில்தான் நடந்தன. நடுவில் மூங்கில் தட்டிகள். அவளுடையது நாலாம் வகுப்பு, ஒன்பது பிள்ளைகள்.

"அதுல அந்த வித்துரா குறுமிளகு விவசாயி, சொரிமுத்து. அவரை வெச்சு ஒரு மாதிரி வகுப்பு செய்யணும். வேற ஸ்கூல்ல இருந்து எட்டு டீச்சர்ஸ் பார்க்க வருவாங்க. இருபத்தி ஆறாம் தேதி."

"அவருக்கு உடம்பு அவ்வளவா சரியில்லைன்னு கேள்விப்பட்டேனே" என்றாள் விஜயம்.

"அய்யோ. அப்போ சாரமில்லை, பரவாயில்லை டீச்சர், நாம பிள்ளைங்களைக் கூட்டிட்டு வித்துராவுக்கே போலாம். பஸ் நான் சரி பண்றேன். தோட்டத்துலயே கிளாஸ்."

"வேண்டாம், வேண்டாம். அவரையே வரச் சொல்றேன்."

போனை வைத்த பிறகும் அவள் கை தட்டியை விடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, பெருக்கல் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது.

வித்துராவில் சொரிமுத்து என்று ஒரு விவசாயி இல்லை. இருந்தாலும் அவரை விஜயத்துக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் ஒட்டிய மங்கலான போட்டோவில் இருந்தவர், பள்ளிக்கு எதிரே மலைச்சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நெல்லையப்பன். போன வருடம் தலையில் துண்டு கட்டி, கையில் ஒரு மிளகுக் கொத்தைப் பிடித்திருந்தார். அதற்கு முந்தின வருடம் அதே நெல்லையப்பன் பாலராமபுரத்து நெசவாளர். அதற்கும் முன்னால் தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்றவர், வில்லுப்பாட்டுக் கலைஞர், தச்சர். முதல் வருடம் மட்டும் அவர் தன் சொந்தப் பெயரில், சொந்தத் தொழிலில் வந்தார். பிறகு, ஒரே ஆளையே திரும்பத் திரும்பக் காட்டக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆள் மாறவில்லை, பெயர் மாறியது.

இது சோம்பலில் தொடங்கிய காரியம் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அவள் உண்மையாகவே ஒருத்தியைக் கூப்பிட்டாள். மாடம்மாள், நெல்லையப்பனின் கிடங்கில் மிளகு புடைக்கிறவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவளுடைய மூத்த பையன் அப்போது நாலாம் வகுப்பு. சல்லடைக் கண்ணின் அளவு, எது நிற்கும், எது விழும் என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் அவளை வரச் சொன்னது. மாடம்மாள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, மூன்று சல்லடையும் ஒரு முறமும் தூக்கிக்கொண்டு ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். வகுப்பைப் பார்க்க வேண்டிய அதிகாரி வந்தது பன்னிரண்டு மணிக்கு. "நேரமில்லை, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கலாம்" என்றார். மாடம்மாள் முறத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள். அன்றைய வேலை அவளுக்குப் போனது போனதுதான்.

மறுநாள் சாலைத் தெருவில் பார்த்தபோது மாடம்மாள் ஓடி வந்து கேட்டாள்: "டீச்சர், நான் ஏதும் தப்பாச் செஞ்சிட்டனா?"

அதற்குப் பிறகு விஜயத்தால் வேலைக்குப் போகிற யாரையும் கூப்பிட முடியவில்லை. நெல்லையப்பன் தெருவைக் கடந்தால் பள்ளிக்கூடம். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வருவார், நாற்காலியில் உட்காருவார், போட்டோ எடுத்ததும் டீ குடித்துவிட்டுப் போவார். யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே முப்பத்தொன்றாம் தேதி அவளுக்கு ஓய்வு. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் எதுவும் பேச இடம் கொடுக்காமல் பள்ளிக்கூடத்துப் படியை இறங்கிக் கோட்டைக்குள் இருக்கும் வீட்டுக்கு நடந்து போய்விட வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. வாங்கினால் விசாரணை, விசாரணை என்றால் பென்ஷன் பேப்பர் நகராது, தெருவில் நாலு பேர் நின்று கேட்பார்கள்.

ஹெட்மாஸ்டர் அழகியநம்பியிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணும் பிரச்சனை வராது டீச்சர்."

"வந்தா?"

"வந்தா எனக்குத் தெரியாது."

"அந்த வகுப்புக்கு எடைத் தராசு வேணும் சார். மேத்ஸ் கிட்டுல புதுசா ஒண்ணு வந்துதே."

"அது பீரோவுல இருக்கு. எடுத்தா உடையும். உடைஞ்சா ஸ்டாக் செக்கிங்ல நான் பதில் சொல்லணும். ஆடிட் முடியட்டும், தரேன்." அந்தத் தராசு வந்து மூன்று வருடமாகிறது. அதன் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

சாயங்காலம் நெல்லையப்பன் கடைக்குப் போனாள். அவர் தரகர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன டீச்சர், திரும்பவும் விவசாயியா? நான் இந்த வருசம் பொம்பள வேசம் போடச் சொல்லுவீகன்னுல்லா நெனச்சேன்."

"சிரிக்காதேள் அண்ணாச்சி. இந்தத் தடவை போட்டோ இல்லை. பாடம் நடத்தணும். முக்கால் மணி நேரம்."

"நானா? அஞ்சாங்கிளாசுல ஓடி வந்தவன் நான்."

"மிளகைப் பத்தித்தானே. உங்களுக்குத் தெரியாததா?"

"விக்கத் தெரியும், வாங்கத் தெரியும். அது எந்த மரத்துல தொங்குதுன்னு கூட நான் நேருல பாத்ததில்ல டீச்சர். நாப்பது வருசம் ஆச்சு, சாக்குல வந்துதான் எனக்குத் தெரியும்." சிரிப்பு அடங்கி அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. மாட்டிக்கிடுவீகளோ?"

"மாட்டிண்டா மே மாசம் நிம்மதியா இறங்க முடியாது."

"வாரேன்" என்றார் நெல்லையப்பன். "துண்டு பழசு இருக்கு."

வீட்டுக்கு நடக்கும்போது, கோட்டை வாசலைத் தாண்டுகிற இடத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. எல்லாவற்றையும் யோசித்தவள் பிள்ளைகளை யோசிக்கவில்லை. நாலாம் வகுப்பு மகேஷ்குமாரின் அப்பா நெல்லையப்பன் கடையில்தான் மூட்டை இறக்குகிறார். மாடம்மாளின் மகள் பொன்செல்வி பள்ளி விட்டதும் நேராக அவருடைய கிடங்குக்குத்தான் போவாள். மற்றவர்களும் அந்தத் தெருவிலேயே புரள்கிறவர்கள். ஒன்பது பிள்ளைகளுக்கும் அண்ணாச்சியைத் தெரியும். அவர்களிடம் சொல்லியாக வேண்டும், இவர் அண்ணாச்சி இல்லை என்று.

இரண்டு வாரமாக அதை எப்படிச் சொல்வதென்று பார்த்தாள். சொல்லத் தொடங்குவாள், வேறு பாடத்துக்குப் போய்விடுவாள். முட்டிவலி என்று ஒரு நாள் லீவு போட்டாள். முட்டிவலி உண்மைதான்.

இருபத்தி ஆறாம் தேதி காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம் என்று நின்றாள். ஒன்பது பேரும் தலைவாரிப் பவுடர் பூசி, விசேஷ நாளுக்கான முகத்தோடு பார்த்தார்கள். திரும்பிக் கரும்பலகையில் எழுதினாள்:

வருகை: விவசாயி திரு. சொரிமுத்து அவர்கள், வித்துரா.

சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகேஷ்குமார் போர்டை ஒரு தடவை படித்தான். பிறகு பொன்செல்வியைப் பார்த்தான். பொன்செல்வி மெல்லத் தலையை ஆட்டினாள்.

பத்து மணிக்கு ஆர்ஷா வந்தாள். கூடவே எட்டு ஆசிரியர்கள், ஆளுக்கொரு நோட்டு. பின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள். அழகியநம்பி வாசல் வரை வந்து கும்பிட்டுவிட்டு, ஆபீசில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார்.

நெல்லையப்பன் தலையில் துண்டோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு சாக்குப் பை, ஒரு சின்னத் தராசு, ஒரு எவர்சில்வர் லிட்டர்ப் படி. கடைச் சாமான்கள் அவை. கொண்டு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"சொரிமுத்து அண்ணன் வித்துராவுல இருந்து வந்திருக்கார்" என்று ஆர்ஷா தொடங்கினாள். "எத்தனை கொடி இருக்கு அண்ணா?"

"அது கெடக்கும் கொஞ்சம்" என்றார் நெல்லையப்பன்.

"எந்த மரத்துல படர விடுவீங்க?"

அவர் துண்டைச் சரிசெய்தார். அப்போது மகேஷ்குமார் எழுந்து நின்றான்.

"முள்ளுமுருங்கையில படர விடுவாங்க, சொரிமுத்து மாமா போன வருஷம் சொன்னாங்க."

போன வருடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் போட்டோவுக்கு நின்றதோடு சரி. பையன் எங்கிருந்தோ படித்திருக்க வேண்டும். நெல்லையப்பன் அவனையே பார்த்தார். "ஆமாமா, முருங்க" என்றார்.

பொன்செல்வி அடுத்து எழுந்தாள். "மாமா, வித்துரா வழியா வர்ற பொன்முடி பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ஆமா தாயி. ஒரே கூட்டம்."

"உக்கார இடம் கெடச்சுதா?"

"எங்க கெடச்சுது. நின்னுகிட்டேதான் வந்தேன்."

ஆர்ஷா சிரித்தாள். பின் பெஞ்சில் ஒரு டீச்சர் "எவ்வளவு இயல்பாப் பேசறா பாருங்க" என்று பக்கத்தில் முணுமுணுத்தார். பொன்செல்வி உட்காரும்போது விஜயத்தைப் பார்த்தாள். வாய்ப்பாட்டைப் பிசகில்லாமல் ஒப்பித்து முடித்த பிள்ளை பார்க்கிற பார்வை அது. சரியா டீச்சர் என்று அது கேட்டது.

விஜயம் அவர்களுக்கு எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகள் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அண்ணாச்சி வருவார், வேறு யாரோ ஆவார், போட்டோ எடுப்பார்கள், டீச்சர் முகத்தில் ஒரு கவலை போகும். அவள் நடத்திய எந்தப் பாடமும் இவ்வளவு சுத்தமாக ஏறியதில்லை.

தோட்டக் கேள்விகள் இனியும் வந்தால் தாங்காது என்று நெல்லையப்பனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர் பையை அவிழ்த்தார்.

"இங்க பாருங்க மக்கா. இது ஒரு மொளகு, இது ஒரு மொளகு. பாக்க ஒண்ணு போல இருக்கா?"

"ஆமா."

"ரெண்டையும் லிட்டர்ல அளந்தா?"

"ரெண்டும் ஒரு லிட்டர்தானே" என்றான் மகேஷ்குமார்.

"எடை?"

"அதுவும் ஒண்ணுதான்."

"பந்தயமா?"

"பந்தயம்."

முதல் பையிலிருந்து படியில் கொட்டி, மேலே குவிந்ததை ஒரு அடிக்கோலால் ஒரே இழுப்பில் வழித்தார். வழித்த விதத்தைப் பார்த்துப் பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுத மறந்தார்கள். தராசில் போட்டார். ஐந்நூற்று ஐம்பது கிராம். இரண்டாம் பை, அதே படி, அதே இழுப்பு. நானூற்று எழுபது.

வகுப்பு கலைந்தது. பிள்ளைகள் பெஞ்சைவிட்டு இறங்கி மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். மகேஷ்குமார் தராசின் அடியில் குனிந்து பார்த்தான்.

"அடியில என்ன பாக்க, காந்தமா வச்சிருக்கேன்? நீயே அளந்து பாரு."

அவன் அளந்தான். நானூற்று அறுபத்தெட்டு. "வழிக்கும்போது அமுக்கக் கூடாது" என்றார் நெல்லையப்பன். "அமுக்குனா வாங்குறவன் பாடு. கூட்டி அளந்தா விக்கிறவன் பாடு. கை லேசா இருக்கணும்."

"எடை ஏன் மாமா குறையுது?" இது ஆர்ஷா. தன்னை அறியாமல் அவளும் மாமா என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தும்மினாள். வெளியே மூட்டை இறங்கத் தொடங்கியிருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல, அதான். தோல் மட்டும் மொளகு. தண்ணி கொண்டாங்க."

ஒரு வாளியில் தண்ணீர் வந்தது. இரண்டாம் பையிலிருந்து ஒரு கை போட்டார். பாதிக்கு மேல் மிதந்தது. பொன்செல்வி மிதந்ததிலிருந்து ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள்.

"இது மொளகு இல்ல."

"பின்ன?"

"பப்பாளி வித்து. நீளமா இருக்கு. அம்மா புடைக்கும்போது தனியா எடுத்துப் போடுவா."

நெல்லையப்பனின் முகம் கடைக்காரன் முகமாகிப் பளிச்சிட்டது. "உங்கம்மா கண்ணுக்குத் தப்பி எங்க கிட்டங்கியில ஒண்ணு போவாதுடி" என்று சொல்ல வாயெடுத்தவர், "கிட்டங்" வரை வந்து நிறுத்திக்கொண்டார். "அப்படியா தாயி" என்று முடித்தார்.

அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமானது. லிட்டர் ஒன்று, எடை வேறு என்பது ஒன்பது பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. உப்பை அளந்தார்கள், சாக்பீஸ் தூளை அளந்தார்கள். மகேஷ்குமார் தோற்ற பந்தயத்துக்கு இரண்டு தடவை வாளியில் தண்ணீர் மாற்றினான். விஜயம் ஓரமாக நின்றாள். பதினைந்து வருடமாகச் சார்ட் பேப்பரில் படம் வரைந்து நடத்தி, ஒருத்தருக்கும் ஏறாத பாடம் இது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். களைப்புத்தான் வந்தது.

மணி அடித்தது. ஆர்ஷா கண்ணில் நீரோடு, அது மிளகாயால், மேஜைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு சான்றிதழையும் ஒரு படிவத்தையும் எடுத்தாள்.

"அண்ணா, இதுல பேர், விலாசம், போன் நம்பர், இங்க ஒரு கையெழுத்து. மாவட்டத்துல இருந்து உங்களை வேற ஸ்கூல்லயும் கூப்பிடுவாங்க."

நெல்லையப்பன் பேனாவை வாங்கினார். படிவத்தைப் படித்தார். பெயர் இருந்த இடத்தில் ஆர்ஷா ஏற்கெனவே சொரிமுத்து என்று மலையாளத்தில் எழுதியிருந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"டீச்சர்" என்றார் விஜயத்தைப் பார்த்து. குரல் தணிந்திருந்தது. "ஒரு நிமிசம் இங்கிட்டு வாங்க."

ஜன்னலருகே போனார்கள்.

"இது நம்மால ஆவாது டீச்சர்."

"அண்ணாச்சி, ஒரு கிறுக்கல்தானே. யார் பார்க்கப் போறா."

"போட்டோவுக்குத் துண்டு கட்டச் சொன்னீக, கட்டுனேன். தொப்பி போடச் சொன்னீக, போட்டேன். அது வெளையாட்டு. கையெழுத்து வெளையாட்டு இல்லலா." அவர் வெளியே கடைப்பக்கம் பார்த்தார். "இந்தத் தெருவுல ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்துப் போட்டா, லோடு கம்பம் ஊருல இருந்து கெளம்பிரும். ஒரு கேள்வி கெடையாது. அந்தக் கைய வச்சு இன்னொருத்தன் பேரை எழுதச் சொல்லாதீக. என்னால முடியாது."

"அப்போ நான் என்ன பண்றது?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர். உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். கை வலின்னு சொல்லுதேன். வெரலு மடங்கலன்னு சொல்லுதேன். பொய் சொல்லத் தயார். எழுத மாட்டேன்."

விஜயம் திரும்பிப் பார்த்தாள். ஆர்ஷா படிவத்தோடு காத்திருந்தாள். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்செல்வி நிலைமையை ஒரு நொடியில் அளந்துவிட்டாள்.

"மிஸ்" என்றாள் ஆர்ஷாவிடம், "சொரிமுத்து மாமாவுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வெச்சா போதுமா?"

அதைத்தான் விஜயத்தால் தாங்க முடியவில்லை. பிள்ளை கூசாமல், திக்காமல், உதவுகிற குரலில் சொன்னாள். இங்க் பேட் எங்கே இருக்கிறது என்று மகேஷ்குமார் அதற்குள் ஆபீஸ் பக்கம் ஓடத் தயாராக நின்றான்.

"மகேஷ், நில்லு" என்றாள் விஜயம்.

பிறகு ஆர்ஷாவிடம் சொன்னாள். நின்றபடியே, சுருக்கமாக.

"இவர் சொரிமுத்து இல்லை. நெல்லையப்பன். எதிர்க் கடை. ஆறு வருஷமும் இவர்தான். பேரை மாத்தி மாத்தி எழுதினது நான்."

பின் பெஞ்சில் எட்டு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் நோட்டில் எதையோ எழுதத் தொடங்கினார்கள். ஒருத்தர்கூடத் தலை நிமிரவில்லை.

ஆர்ஷா பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள். "தச்சர்?"

"இவர்தான்."

"வில்லுப்பாட்டு?"

"நானேதான்" என்றார் நெல்லையப்பன். "ஆனா பாடச் சொல்லல."

ஆர்ஷா படிவத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"டீச்சரே, இதைப் பிள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்க வேண்டாமாயிருந்தது. தனியாச் சொல்லியிருந்தா நான் வேற வழி பார்த்திருப்பேன். இப்போ நான் எழுதாம முடியாதல்லோ. இத்தனை பேர் கேட்டாச்சு." கோபமில்லை அவள் குரலில். அவளும் அன்று அதிகாலையில் நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறியவள், களைத்திருந்தாள். "அஞ்சு மணிக்கு முன்னே அப்லோட் பண்ணணும். டீச்சர் ஒரு விளக்கம் எழுதித் தாங்க. ஏன் செஞ்சதுன்னு."

"தரேன்."

"பாடம் நல்லா இருந்தது. அதையும் எழுதறேன். ரெண்டையும் எழுதினா மேல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் வேறொரு படிவம் எடுத்து நீட்டினாள். நெல்லையப்பன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தன் பெயரை எழுதி, கடை விலாசம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது விஜயத்தைப் பார்க்கவில்லை.

"படியும் தராசும் இங்கயே கெடக்கட்டும் டீச்சர்" என்றார் வாசலில். "நாளைக்கு உளுந்து அளந்து பாருங்க."

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போனார்கள். அழகியநம்பி வாசலில் வந்து நின்று, "நான் ஊர்லயே இல்லைன்னு வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். விஜயம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். மே மாதத்தை நினைத்தாள். படியில் இறங்குவதாக அவள் மனதில் வைத்திருந்த அந்தப் பெண்ணை இப்போது அங்கே பார்க்க முடியவில்லை.

பொன்செல்வி தட்டு கழுவிவிட்டு வந்து மேஜையருகே நின்றாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"டீச்சர், நாங்க ஏதும் தப்பாச் சொல்லிட்டமா?"

விஜயம் பேனாவைக் கீழே வைத்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் சாலைத் தெருவில் மாடம்மாளுக்கு அவள் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. ஒண்ணுமில்லைம்மா, நீ நன்னாத்தான் பண்ணினே என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்திருந்தாள்.

"ஆமாம்டி" என்றாள். "பொய் சொன்னது தப்பு. நீங்க பண்ணினதும் தப்பு, நான் பண்ணினதும் தப்பு."

பொன்செல்விக்குக் கோபம் வருவது தெரிந்தது.

"பின்ன நீங்க ஏன் போர்டுல எழுதுனீங்க?"

போர்டில் அந்த வரி இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. வெளியே கடைசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பிள்ளை போகவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, பதில் வரும்வரை இருக்கிறவள் போல, மேஜையில் சிந்திக்கிடந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் படியில் போடத் தொடங்கினாள். விஜயம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆர்ஷா கேட்டதும் இதைத்தான். முதல் வரியில் மாடம்மாளின் பெயரை எழுதினாள். பிறகு, "உங்கம்மா ஒரு நாள் முறத்தைத் தூக்கிண்டு இங்கே வந்தாடி" என்று சொல்லிக்கொண்டே மேலே எழுதினாள்.